இரும்புப் பெட்டிக்குள் வைஃபை

எனக்குக் கோபம் வருகிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். என் மனைவி தையல் மிஷினின் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவாள். மகள் சாப்பாட்டுத் தட்டோடு சமையலறைப் பக்கம் நகர்ந்துவிடுவாள். நான் மட்டும் நடுவீட்டில் நின்று, "இப்ப நான் இன்னா சொல்லிட்டேன்?" என்று கத்திக்கொண்டிருப்பேன். வைஃபையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை எதற்குச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் வைஃபை கெட்ட கதையும் என் கோபத்தின் கதையும் ஒன்றுதான்.

தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். சுரங்கத்தை மூடி எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மோட்டார் ரீவைண்டிங், வீட்டு ஒயரிங் என்று கிடைத்ததைச் செய்து ஒரே மகளைப் படிக்க வைத்தேன். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில்தான் இன்னும் குடியிருக்கிறோம். முன்னால் ஒரு அறை, அதை ஒட்டிச் சமையலறை, அதற்குப் பின்னால் மேடேறிப் போகும் கொல்லை. கொல்லையின் உச்சியில் என் சாமான்களைப் போட்டுவைக்க நானே கருங்கல்லில் கட்டிய ஒரு சின்ன அறை. மேலே தகரக் கூரை.

மகளுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ எங்கெங்கிருந்தோ போனில் திட்டுவதற்கெல்லாம் இங்கிலீஷில் பணிவாகப் பதில் சொல்லும் வேலை. எனக்குப் பிறந்தவளுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம். மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறினால் ராத்திரிதான் திரும்புவாள். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது. மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

அதற்கு முந்தின வருஷம் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. ரயிலால்தான் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ரயிலால் இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை கரு தங்கியபோது மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டி டிரெயின் வேணாம்மா. வேலைக்கு லீவு போடு, இல்லாட்டி வீட்ல இருந்தே செய்."

அவளுடையது காண்ட்ராக்ட் வேலை, நீண்ட லீவெல்லாம் கிடையாது. கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டதில் கம்பெனி ஒரு மாதம் தவணை கொடுத்தது. அந்த ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்து காட்ட வேண்டும். போன் கால் நடுவில் அறுந்துபோகக் கூடாது, பின்னால் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. எல்லாவற்றையும் அங்கே கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்குமாம். மாதம் சரியாகப் போனால் பிரசவம் வரைக்கும் வீட்டிலிருந்தே செய்யலாம், இல்லாவிட்டால் ரயில்தான்.

"எனக்கு வேலையும் வேணும்ப்பா, இதுவும் வேணும்," என்று வயிற்றைத் தொட்டுச் சொன்னாள்.

"ரெண்டும் கிடைக்கும். நான் இன்னாத்துக்கு இருக்கேன்?" என்றேன். சொன்னது நான்தான், அதை மறக்கவில்லை.

முன்னறையில் அவள் உட்கார முடியாது. அங்கே தையல் மிஷின், ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்கள், ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டிவி. மிச்சம் இருந்தது கொல்லை மேட்டிலிருந்த கல் அறைதான். சாமான்களை அள்ளி வெளியே போட்டு, சுண்ணாம்பு அடித்து, மேஜை நாற்காலி போட்டு, கட்டிலும் ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஈ பறந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. என்ன பிரயோஜனம்? வைஃபை அங்கே வரவில்லை. முன்னறையில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ரௌட்டர் ஜம்மென்று மின்னிக்கொண்டிருக்கும். சமையலறையைத் தாண்டினால் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். கல் அறைக்குள் கால் வைத்தால் சுத்தமாகச் செத்துவிடும்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் ரிப்பீட்டர் என்று ஒரு வெள்ளைச் சாமானைத் தலையில் கட்டினார். "இத்த மாட்டுங்க சார், தெருக்கோடி வரைக்கும் வரும்," என்றார். தெருக்கோடியாவது மண்ணாவது! அது சமையலறையின் பின்சுவரைக்கூடத் தாண்டவில்லை. அந்தச் சுவர் பழைய காலத்துச் சுவர், உள்ளே மண், வெளியே தகரம். அரிசி டப்பாவுக்கு மேலே வைத்தேன். ஜன்னலில் கட்டினேன். கிரைண்டர் மேல் நிறுத்தினேன். குழம்பு கொதிக்கிற ஆவியில் அதற்கு வியர்த்ததுதான் மிச்சம்.

"அடுப்பு மேலதான் இன்னும் வெக்கல. அதையும் பார்த்துடுங்களேன்," என்றாள் என் மனைவி.

"உனுக்கு எல்லாம் விளையாட்டா கீது!" என்று நான் போட்ட சத்தத்தில் அளவு கொடுக்க வந்த பெண் ஒருத்தி அப்புறம் வருகிறேன் என்று போயே விட்டாள்.

கடைசியில் இன்டர்நெட் கம்பெனிக்கே போன் செய்தேன். பங்காருபேட்டைக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வீட்டில் தெலுங்கு, ஆபீசில் கன்னடம், என்னோடு தமிழ். போனைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லை முழுக்க நிதானமாக நடந்தார். தகரத்தைத் தட்டினார், கல்லைத் தடவினார். "கல்லு, தகரம் ரெண்டையும் இது தாண்டாது சார். நாம சுத்திப் போவணும். ரௌட்டர்ல இருந்து ஒரு கேபிள் இழுத்து, கொல்லை நடுவுல வெளி யூனிட் ஒண்ணு வெச்சுட்டா போதும். அங்கேருந்து நேரா அந்த ரூம் ஜன்னல்," என்றார்.

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது. வேலை சுத்தம். கேபிளைக் குழாய்க்குள் விட்டு, கொல்லைக் குழாய்க் கம்பத்தின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் சாமானை மாட்டினார். மகள் கல் அறையில் உட்கார்ந்து, "ப்பா, ஃபுல்லா வருது!" என்று கத்தினாள். முருங்கை மரத்தடியில் வந்தது, கக்கூஸ் வாசலில் வந்தது, மதில் மேலே எட்டிப் பிடித்தாலும் வந்தது. சந்தோஷத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஆளுக்கு டீயோடு வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான்.

சாயங்காலம் அந்தக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தேன். மின்சாரம் ஓடுகிற ஒரு சாமான், ஒரு மறைப்பும் இல்லாமல் காற்றில் அம்மணமாக நிற்கிறது. காற்று அடித்தால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி எங்கள் வீட்டுச் சோற்றில்கூட விழும். மழை வேறு, குரங்கு வேறு. இரும்புக்கும் செம்புக்கும் அலைகிற திருடர்கள் வேறு.

சுரங்கத்துக்கு அடியில் நாங்கள் வேலை செய்த லெவல்களில் பாறையெல்லாம் தண்ணீர் கசியும், சூடு கொளுத்தும். அங்கே ஒரு ஜாயின்டைத் திறந்து விட்டால் அடுத்த ஷிஃப்டில் எவனாவது அதைத் தொட்டுச் சாவான். ஸ்விட்சோ ஜாயின்டோ எதுவாக இருந்தாலும் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, ரப்பர் போட்டு, போல்ட்டை முறுக்கி மூடினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. "பொட்டி இல்லாத ஜாயின்ட்டு ஆளைத் தின்னும்" என்பது எங்கள் டிபார்ட்மென்டில் எல்லோரும் சொல்வது. என் சர்வீஸில் பெட்டி போடாமல் ஒரு ஜாயின்டைக்கூட விட்டுவிட்டு நான் மேலே வருகிற கேஜ் லிஃப்டில் ஏறியதில்லை.

ஸ்கிராப்பில் வாங்கிய பழைய ஸ்விட்ச் பெட்டி ஒன்று என்னிடம் கிடந்தது. கனமான இரும்பு, ஒருவன் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். துருவைச் சுரண்டினேன், பச்சை பெயின்ட் அடித்தேன், புது ரப்பர் வெட்டிப் போட்டேன், எர்த் கம்பி கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொள்ள, அந்த பிளாஸ்டிக் சாமானைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, மூடி, பூட்டும் போட்டேன். சாவி என் சட்டைப் பையில்.

"இடியே விழுந்தாலும் இன்னாத்துக்கும் ஆவாது," என்றேன். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். பாவம், மாமனாரிடம் வேறு என்ன செய்வார்?

திங்கட்கிழமை காலை மகளுக்குப் போன் கால் அறுந்தது. அன்றைக்கே இன்னும் சில தடவை அறுந்தது. கோடு ஒன்று வரும், போகும், பேச்சு திக்கித் திக்கி நிற்கும். "ஹலோ... ஹலோ... கேன் யூ ஹியர் மீ சார்?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்பது கொல்லை வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு "ஹலோ"வுக்கும் என் பல் நறநறவென்று கடித்துக்கொள்ளும்.

நான் என்ன செய்வேன்? ஏணி போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். உள்ளே விளக்கு அழகாக எரியும். "இப்ப எப்படி கீது?" என்று மேலிருந்து கத்துவேன். "இப்ப நல்லா வருதுப்பா!" என்பாள். கேபிளை ஒரு அழுத்து அழுத்தி, மூடி, பூட்டிவிட்டு இறங்குவேன். நான் இறங்கிக் கால் கழுவுவதற்குள் மறுபடியும் "ஹலோ... ஹலோ..." ஆரம்பித்துவிடும். இப்படி எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. திறந்தால் வருகிறது, மூடினால் போகிறது. சின்னக் குழந்தைக்குக்கூட விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் கை வைத்தால் சரியாகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

பெட்டி என் கைவேலை, அதில் குற்றம் இருக்க முடியாது. அப்படியானால் குற்றம் வேறு யாரிடமோ இருக்க வேண்டும். முதலில் தூசியைத் திட்டினேன், அப்புறம் கேபிளை. இரண்டும் பதில் பேசவில்லை என்பதால் அடுத்த வீட்டுக்காரரிடம் போனேன். எங்கள் லைன் வீடுகளில் ஒன்றில் மீன் குழம்பு வைத்தால் நான்கு வீட்டுக்குக் கிண்ணம் போகும். அந்த வழக்கத்தில் வைஃபை பாஸ்வேர்டும் எப்போதோ சுவர் தாண்டிப் போயிருந்தது. "நீங்க படம் பாக்கறதாலதான் என் பொண்ணு வேலை கெட்டுப்போவுது!" என்று அவர் வாசலில் நின்று கத்தினேன். என்னோடு ஒரே கேஜில் இறங்கி ஏறின மனிதர் அவர். "இன்னாபா, ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திட மாட்டனா?" என்று மட்டும் கேட்டார். பாஸ்வேர்டை மாற்றினேன். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கிண்ணம் வரவில்லை. கால் அறுவதும் நிற்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று என் மனைவி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே முணுமுணுத்தாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "ப்பா, அந்தப் பொட்டி இல்லாம ரெண்டு நாள் வெச்சுப் பார்க்கலாமா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "பொட்டியப் பத்தி எனுக்கு நீ பாடம் எடுக்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து பொட்டி போட்டவன் நானு! மழையில கரண்ட் அடிச்சா யார் பதில் சொல்றது? உன் பெங்களூர் கம்பெனிக்காரனா வந்து தூக்குவான்?" தட்டு என் கையிலிருந்து விழுந்ததா, நான் தள்ளினேனா, ஞாபகமில்லை. சாம்பார் சுவரில் தெறித்தது. மகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வீட்டில் யாரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போல "ஹலோ ஹலோ" கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அப்போது காலையில் நான் ஒயரிங் வேலைக்குப் போய்ச் சாயங்காலம்தான் வருவேன். வந்ததும், "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பேன். "பரவால்லப்பா," என்பாள். அந்த மூஞ்சி ஏன் அப்படிக் கறுத்துக் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. மாசமாக இருக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் அவளுடைய மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது. முதல் இரண்டு வாரம் மிக மோசம், இப்போதும் நான் சாயங்காலம் வீட்டில் இருக்கிற நேரங்களில் கால் அறுகிறது, இப்படியே போனால் அனுமதி ரத்து. 'நான் வீட்டில் இருக்கிற நேரங்களில்' என்று அவர் எழுதவில்லை, நேரத்தைத்தான் எழுதியிருந்தார். அது என் நேரம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மெயிலை அவள்தான் படித்துக் காட்டினாள். மறுநாள் காலையில் நான் நேராக ஸ்கூட்டரை எடுத்தேன்.

இன்டர்நெட் கம்பெனி ஆபீசில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலிருந்தே ஆரம்பித்தேன். "துட்டு வாங்கத் தெரியுது, லைன் குடுக்கத் தெரியலையா? மாசமா கீற பொண்ணோட பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, இங்க ஃபேன் காத்துல உக்காந்துகினு கீறீங்களா?" உள்ளேயிருந்து அந்தப் பங்காருபேட்டைக்காரர் வந்தார். அவர் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்ததோ அவ்வளவு ஆத்திரமும் வந்தது.

"சார், உக்காருங்க. உங்க பொண்ணு சொல்லலியா?"

"இன்னாத்த சொல்லணும்?"

"அவங்க பொட்டி மாட்டின மறுநாளே எனக்கு போன் பண்ணாங்க. போட்டோ அனுப்பினாங்க. நான் அப்பவே சொன்னேனே சார், இரும்புப் பொட்டிய எடுக்கச் சொல்லுங்கன்னு. இது ஒயர்ல போற கரண்ட் இல்ல, காத்துல போறது. இரும்புக்குள்ள வெச்சுப் பூட்டினா எப்படி சார் வெளிய வரும்? அந்த யூனிட் மழையில நனையறதுக்குன்னே செஞ்சது."

அந்தப் பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கினான். கரண்டை மூடி வைப்பதுதான் என் தொழில். மூடினால் செத்துப்போகிற சாமான் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. திறந்தபோதெல்லாம் "நல்லா வருதுப்பா" என்று மகள் கத்தியது அப்போதுதான் காதில் விழுந்தது. அவள் எனக்குப் பதில் மட்டும் சொல்லவில்லை, பெட்டிதான் காரணம் என்று நான் தெரிந்துகொள்ளட்டும் என்றும் கத்தியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் நான் வந்ததில்லை. மிஷின் நின்றது. "இன்னாங்க, இவ்ளோ சீக்கிரம்?" என்று கேட்ட என் மனைவியின் முகம் சரியில்லை. சமையலறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனேன். கல் அறை காலியாக இருந்தது. கம்ப்யூட்டரும் இல்லை, நாற்காலித் தலையணையும் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து உண்டு. சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். முன்னறை ரௌட்டரின் சிக்னல் அந்த ஜன்னல் வழியாக அங்கே கொஞ்சம் விழும் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். கவிழ்த்த பக்கெட்டின் மேல் தலையணை. அதன் மேல் என் மகள், நாலு மாத வயிற்றோடு. மடியில் கம்ப்யூட்டர். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குடையை இடுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் மதிலில் பட்டு அவள் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன், சார்," என்று யாரிடமோ தேனாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் அங்கேயே நின்றேன். அவள் பேசி முடிக்கும் வரை நின்றேன். ஹெட்போனைக் கழற்றித் திரும்பியவள் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இங்க?" என்று கேட்டேன்.

"நீங்க இல்லாதப்ப மட்டும்தான்ப்பா."

என் மனைவி பின்னால் வந்து நின்றாள். "பொண்ண ஒண்ணும் கேக்காதீங்க. நான்தான் சொல்லாதேன்னேன். நீங்க கத்தினா அதுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, ராத்திரி முழுக்கத் தூங்கறதில்ல. இந்த நிலைமைல உங்க சத்தத்துக்கு இந்த வெயிலே மேலுன்னு நான்தான் பக்கெட் போட்டுக் குடுத்தேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவள் சொன்னது அது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். அந்தப் பச்சைப் பெட்டியைக் கழற்றிக் கீழே போட்டேன். பிளாஸ்டிக் சாமானை இருந்த இடத்திலேயே, அம்மணமாக, திரும்ப மாட்டினேன்.

மிச்சமிருந்த ஒன்பது நாளும் ஒரு கால்கூட அறவில்லை. அவள் கல் அறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசினாள். ஒரு நாள் நல்ல மழை. நான் ஜன்னலிலேயே நின்று கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் போய்ப் புது பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கம்பெனியின் கம்ப்யூட்டர் கடைசி ஒன்பது நாளை மட்டும் எண்ணுமா? மொத்த மாதத்தையும் எண்ணியது. அனுமதி ரத்து, திங்கட்கிழமை ஆபீசுக்கு வரவும். மேனேஜரிடம் பேசிப் பார்த்தாள். இப்போது லைன் சரியாகிவிட்டது என்று படம் பிடித்து அனுப்பினாள். ஒரு தடவை தவறினால் இந்த வருஷம் மறுபடி கிடையாது, விதி அப்படி என்று பதில் வந்தது. எனக்குப் பெங்களூருக்குப் போய் அந்த மேனேஜரின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் பெட்டி மாட்டியது அவன் இல்லையே.

"வேலைய விட்டுடும்மா," என்றேன்.

"கொஞ்ச நாள் போய்ப் பார்க்கறேன்ப்பா. உக்காந்துகினே போனா ஒண்ணும் ஆவாது," என்றாள். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். என்ன சொல்லித் தடுப்பேன்? அந்த உரிமையை நான்தான் தொலைத்திருந்தேன்.

அவளோடு நானும் போனேன். மாரிகுப்பத்தில் ரயில் காலியாகக் கிளம்பும், இடம் பிடித்துவிடலாம். அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, யாரும் அவள் மேல் சாயாமல் நான் முன்னால் நின்றுகொள்வேன். பெங்களூர் வரைக்கும் அப்படியே. அவளை ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு, பகல் முழுக்க ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் கூட்டி வருவேன். மூன்று நாள் அப்படிப் போனது.

நாலாம் நாள் ஊர்காம் ஸ்டேஷன் தாண்டியதும் அவள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து அவள் காதருகில், "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் கத்துவேனா மாட்டேனா என்று என் முகத்தில் தேடினாள். வயிற்றில் வலியோடு, பெற்ற அப்பனின் முகத்தில் அதைத் தேடிவிட்டுத்தான் பேசினாள்.

"முந்தாநாள்லேர்ந்துப்பா," என்றாள்.

நான் கத்தவில்லை. பங்காருபேட்டையில் இறங்கிவிட்டோம். ஏறுகிற கூட்டத்துக்கு எதிரே அவளை அணைத்துக்கொண்டு இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையின் நெஞ்சுச் சத்தத்தை மிஷினில் கேட்க வைத்தார்கள். ஓடுகிற குதிரை மாதிரி டக் டக் என்று கேட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழக் கூடாது, ரயில் என்கிற பேச்சே இருக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அடுத்த நாள் மத்தியானம் கல் அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கம்ப்யூட்டரை வயிற்றில் படாமல் பக்கத்தில் வைத்து அவள் ராஜினாமா மெயில் எழுதினாள். எட்டு வருஷ வேலை. நான்கே வரி எழுதினாள். நான் வாசல்படியில் நின்றிருந்தேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன்.

அனுப்புகிற பொத்தானை அழுத்தினாள். சுற்றவில்லை, திக்கவில்லை, அழுத்தின கையோடு போய்விட்டது. அந்த அறையிலிருந்து அவ்வளவு வேகமாக எதுவும் அதுவரை போனதில்லை.